கோணலாகத் தொங்கிய கடிகாரமும் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லும்

ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் பெரியப்பா வீட்டுத் தார்சாவில் ஒரு பெண்டுலம் கடிகாரம் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு நாளைக்கு ஒருமுறை சாவி கொடுக்கிற ரகம். மணிக்கு மணி அடிக்கும், அரைமணிக்கு ஒரு அடி. அது கொஞ்சம் கோணலாகத்தான் தொங்கும். கீழ்ப்பக்கம் இடது ஓரமாக ஒரு விரற்கடை தள்ளி நிற்கும். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளில் யாராவது ஒருவருக்கு அது கண்ணை உறுத்தும். எழுந்து போய் நேராக்கிவிட்டு உட்காருவார்கள். பத்து நிமிஷத்தில் கடிகாரம் நின்றுவிடும். அடுக்களையிலிருந்து பெரியம்மா குரல் வரும்: “எய்யா, அத யாருல நேரா வச்சது? கோணலா இருந்தாத்தான் ஓடும்!”

சிறு வயதில் அதை ஒரு வேடிக்கையாக மட்டுமே பார்த்தேன். நாற்பது வயதுக்கு மேல், சாஃப்ட்வேர் வேலை போக மிச்ச நேரத்தில் பழைய பொருட்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கோணலில் ஒரு நியாயம் இருப்பது புரிந்தது. அந்த நியாயத்தைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு. கூடவே பழங்கடிகாரச் சேகரிப்பாளர்கள் வாயில் ஓயாமல் புழங்கும் ஒரு சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘ஒரிஜினல்’ என்பதுதான் அந்தச் சொல்.

போன கோடையில் தெரிந்தவர் மூலமாக ஒரு சேகரிப்பாளர் ஸ்ரீவைகுண்டம் வந்தார். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்து, இருக்கிற நிலையில் 8,000 ரூபாய் என்றார். டயலை மாற்றி, பெட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுசாகப் பாலிஷ் அடித்து, உள்ளே இருக்கும் கிறுக்கல்களை எல்லாம் துடைத்து ‘ஒரிஜினல் கண்டிஷனுக்கு’க் கொண்டுவந்தால் 25,000 வரை போகும், அந்த வேலையைத் தானே செய்துகொள்வதாகவும் சொன்னார். பெரியம்மாவுக்குப் பணம் தேவைதான். வெள்ளத்தில் பெயர்ந்த பின்கட்டுத் தரை இன்னும் அப்படியே கிடக்கிறது. “நீ படிச்சவன், உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யி” என்று என் தலையில் கட்டிவிட்டார். அவர் என்னிடம் கேட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெள்ளம் என்றால் எது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டது அப்போதுதான். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு எங்கள் ஊரில் இருக்கிறது. மேலே பெய்ததெல்லாம் கடைசியில் எங்களைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். அன்றைக்குக் கடிகாரம் சுவரில் இல்லை. பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காக இறக்கி, தார்சா பெஞ்சின்மேல் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். இரண்டு நாள் தண்ணீரில் நின்றது.

இப்போது விமர்சனத்துக்கு வருவோம். சேகரிப்பாளர்கள் ஒரு கடிகாரத்தை மூன்று அளவுகோலால் அளக்கிறார்கள்: பெயர், வயது, ஒரிஜினலா இல்லையா. மூன்றையும் எங்கள் கடிகாரத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம்.

பெயர்

எங்கள் வீட்டில் அதற்கு ‘லண்டன் கடியாரம்’ என்றுதான் பெயர். டயலில் ஆங்கிலத்தில் ஒரு கடைக்காரர் பெயரும் மதராஸ் என்ற ஊர்ப்பெயரும் இருக்கும். இங்கிலீஷ்காரன் பெயர், ஆகவே லண்டன். மூன்று தலைமுறை நம்பிக்கை!

டயலில் இருக்கும் பெயர் பல நேரம் செய்தவன் பெயர் அல்ல, விற்றவன் பெயர். மதராஸில் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற பெரிய கடைகள் வெளிநாட்டிலிருந்து கடிகாரம் தருவித்து, டயலில் தங்கள் பெயரைப் போட்டு விற்றன. செய்தவன் யார் என்று தெரிய வேண்டுமானால் டயலைக் கழற்றி, பித்தளைத் தகட்டில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டும். குறுக்கே இரண்டு அம்புகள் இருந்தால் ஹாம்பர்க் அமெரிக்கன் கம்பெனி. எட்டு முனை நட்சத்திரத்துக்குள் ‘ஜே’ என்ற எழுத்து இருந்தால் யுங்ஹான்ஸ். எங்களுடையதில் இருந்தது நட்சத்திரம்.

அதாவது லண்டன் கடியாரம் ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பகுதியில், ஷ்ராம்பெர்க் என்ற சிற்றூரில் பிறந்தது. டயலின் அடியில், ஆறு மணிக்குக் கீழே, பொடி எழுத்தில் ‘மேட் இன் ஜெர்மனி’ என்று அச்சிட்டிருப்பதை யாரும் படித்ததில்லை. அந்த எழுத்துக்கும் ஒரு கதை உண்டு. அயல்நாட்டுச் சரக்கை உள்ளூர்ச் சரக்குப் போல விற்பதைத் தடுக்க 1887ல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவுக்கும் 1889ல் அதே மாதிரி ஒரு சட்டம் வந்தது. ஜெர்மன் சரக்கை மட்டம் என்று காட்டத்தான் அந்த முத்திரை முதலில் உதவியது. பிற்பாடு அதுவே தரத்துக்குச் சான்றாக மாறிப்போனது வேறு விஷயம்.

இந்த இடத்தில் சேகரிப்பாளர்கள் பக்கம்தான் நான். பெயரைத் தேடித் தேடிப் பதிந்து வைத்தவர்கள் அவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் அந்த நட்சத்திரம் எனக்கு வெறும் பூவேலையாகத்தான் தெரிந்திருக்கும்.

வயது

“நூத்தம்பது வருசத்துக் கடியாரம்” என்பது எங்கள் வீட்டுப் பெருமை. கணக்குப் போட்டால் உடைந்துவிடுகிறது. யுங்ஹான்ஸ் கம்பெனி தொடங்கியதே 1861ல்தான். எட்டு முனை நட்சத்திரம் அதற்கு வெகுநாள் கழித்து, 1890 வாக்கில் வந்தது. ஆக 150க்கு வாய்ப்பே இல்லை.

‘ஆன்டிக்’ என்ற சொல்லைக் கடைக்காரர்கள் இஷ்டத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. 1972ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, பொதுவாக ஒரு பொருள் 100 வருஷத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் தொல்பொருள். கையெழுத்துச் சுவடி போன்றவற்றுக்கு 75 வருஷம். தொல்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யவும் முடியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், 1926ல் வாங்கிய கடிகாரம் போன வருஷம் வரை பழைய சாமான், இந்த வருஷம் தொல்பொருள். கடிகாரம் ஒன்றும் மாறவில்லை, காலண்டர்தான் மாறியது.

எங்கள் கடிகாரத்தின் வயதை எனக்குச் சொன்னது பெட்டியின் உட்பக்கம். பின்பலகையில் பென்சிலால் தேதிகள் எழுதியிருக்கின்றன. பழைய கடிகார ரிப்பேர்க்காரர்களின் வழக்கம் இது. எப்போது கழற்றினேன், என்ன செய்தேன் என்று ஒரு வரி. மிகப் பழையது 1934. அதன்பிறகு 12-6-51, ‘ஆயில்’. 1958ல் ‘புது ஸ்பிரிங்’. 63, 71, 79 என்று போய், 1988ல் ‘புஷ் 2’. ஒவ்வொன்றும் வேறு கையெழுத்து. எங்கள் தொழிலில் ஒரு நிரலை யார், எப்போது, எதற்காகத் திருத்தினார்கள் என்று பதிவு வைப்போம். அது இல்லாத பழைய நிரலைத் தொடவே பயப்படுவோம். இங்கே ஏழு பேர், ஒருவரையொருவர் பார்த்திராதவர்கள், ஒரே பலகையில் பதிவு வைத்திருக்கிறார்கள். சேகரிப்பாளர் துடைத்துவிடலாம் என்று சொன்ன ‘கிறுக்கல்’ இதுதான்.

ஒரிஜினல்

மூன்றாவது அளவுகோலில்தான் எனக்குச் சண்டை.

சேகரிப்பாளர் அகராதியில் ஒரிஜினல் என்றால், தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி. பாகம் மாறக்கூடாது, கறை கூடாது, கைபட்ட சுவடு கூடாது. ஒரு சித்திரத்துக்கு, சிற்பத்துக்கு, இது சரியான அளவுகோலாக இருக்கலாம். பெண்டுலம் கடிகாரத்துக்கு இது பொருந்துமா?

பெண்டுலம் ஆடும் வேகம் இரண்டே விஷயத்தைப் பொறுத்தது: அதன் நீளம், அந்த இடத்தில் பூமி இழுக்கும் விசை. நீளத்தை மனிதன் வைக்கிறான். விசையை வைப்பது இடம். பூமி முழுப் பந்து அல்ல, நடுவில் கொஞ்சம் பிதுங்கியது, சுழலவும் செய்கிறது. அதனால் துருவத்தை விட நிலநடுக்கோட்டுப் பக்கம் இழுவிசை குறைவு. 1672ல் ரிஷெர் என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரீசிலிருந்து தென்னமெரிக்காவின் கயேன் என்ற ஊருக்குப் போனார். அது நிலநடுக்கோட்டுக்கு 5 டிகிரி வடக்கே இருக்கிறது. பாரீசில் சரியாக ஓடிய பெண்டுலம் அங்கே தினம் சுமார் இரண்டரை நிமிஷம் பிந்தியது. பெண்டுலத்தைக் கொஞ்சம் குட்டையாக்கித்தான் சரி செய்தார். பூமியின் வடிவம் பற்றிய தன் வாதத்துக்கு நியூட்டன் பிற்பாடு எடுத்துக்கொண்ட ஆதாரங்களில் இதுவும் ஒன்று.

நம் கணக்கைப் போடுவோம். ஷ்ராம்பெர்க் வடக்கே 48 டிகிரி. ஸ்ரீவைகுண்டம் எட்டரை டிகிரியை ஒட்டி. அங்கே இழுவிசை சுமார் 9.81, இங்கே 9.78. வித்தியாசம் நூற்றுக்குக் கால் பங்கை விடச் சற்று அதிகம். நேரத்தில் அதில் பாதிதான் தெரியும். அதை ஒரு நாளுக்கு உரிய 86,400 விநாடிகளோடு பெருக்கினால் கிட்டத்தட்ட 2 நிமிஷம் வருகிறது. ஷ்ராம்பெர்க்கில் துல்லியமாக நேரம் வைத்த கடிகாரத்தை ஒரு திருகு கூடத் தொடாமல் இங்கே கொண்டுவந்து மாட்டினால் தினம் 2 நிமிஷம் பிந்தும். மாதத்துக்கு ஒரு மணி நேரம்!

கால் மீட்டர் நீளப் பெண்டுலத்தில் இதைச் சரிசெய்ய முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகக் குண்டை உயர்த்தினால் போதும். குண்டுக்கு அடியில் இருக்கும் சின்ன மரையைக் கொஞ்சம் திருகினால் முடிந்தது. அந்த மரையை அங்கே வைத்தது யார்? செய்தவனே வைத்தான். தன் கடிகாரம் எந்த ஊர்ச் சுவரில் தொங்கும் என்று அவனுக்குத் தெரியாது. கடைசி வேலையை அந்த ஊர்க்காரனிடம் விட்டுவிட்டான். அதாவது ஒரிஜினல் வடிவத்திலேயே ‘இதை மாற்றிக்கொள்’ என்ற அனுமதி இருக்கிறது.

இன்னும் ஒன்று. பெரியப்பா தினம் காலை 7.15க்கு ஆல் இந்தியா ரேடியோ தமிழ்ச் செய்தியை வைத்து நேரம் பார்ப்பார். அந்த ரேடியோ நேரமும் நம் ஊர் நேரம் கிடையாது. சூரியனை வைத்துப் பார்த்தால் ஸ்ரீவைகுண்டத்து நேரம் இந்தியத் திட்ட நேரத்துக்குச் சுமார் 18 நிமிஷம் பின்னால். 1906 ஜனவரி 1ல் திட்ட நேரம் வரும் வரை ரயில்கள் எல்லாம் மதராஸ் நேரத்தில் ஓடின. அது இப்போதைய நேரத்துக்கு 9 நிமிஷம் பின்னால் இருந்தது. 1923ல் திருநெல்வேலி – திருச்செந்தூர் ரயில் பாதை வந்தபோது ஊருக்கு வந்தது புது நேரம். முள் காட்டுகிற நேரம் கூட ஊரார் கூடி ஒப்புக்கொண்ட ஒன்று. ஜெர்மனி இயந்திரம், மதராஸ் பெயர், இந்திய நேரம், தாமிரபரணிக் காற்று. இதில் எதை மட்டும் ஒரிஜினல் என்று பிரித்து எடுப்பது?

இனிக் கோணல். பெண்டுலம் கடிகாரத்தில் ‘டிக்’குக்கும் ‘டாக்’குக்கும் நடுவே உள்ள இடைவெளி சமமாக இருக்க வேண்டும். சமமாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் போகும்போது பெண்டுலத்துக்குப் போதுமான உந்துதல் கிடைக்காது, சீக்கிரம் நின்றுவிடும். போனைப் பெட்டிமேல் வைத்துச் சத்தத்தைப் பதிவு செய்து அலைவடிவத்தை அளந்து பார்த்தேன். நேராக மாட்டினால் ஒரு இடைவெளி 0.46 விநாடி, அடுத்தது 0.54. பெரியம்மா சொல்கிற கோணத்தில் மாட்டினால் இரண்டும் அரை விநாடிக்கு வந்து நிற்கிறது. என்றைக்கோ ஒருநாள், இயந்திரத்திலிருந்து பெண்டுலத்துக்கு அசைவைக் கொடுக்கும் கம்பி லேசாக வளைந்திருக்கிறது. அதைக் கழற்றிச் சரிசெய்யாமல் பெட்டியையே சாய்த்து மாட்டிவிட்டார்கள். கண்ணுக்குக் கோணல், கடிகாரத்துக்கு நேர்.

எதிர்வாதம்

இவ்வளவு சொல்லிவிட்டு சேகரிப்பாளர்களை ஒரேயடியாகக் குறை சொன்னால் அது நியாயமில்லை. அவர்கள் ஒரிஜினல் ஒரிஜினல் என்று அடித்துக்கொள்வதற்குக் காரணம் சந்தையில் இருக்கும் பித்தலாட்டம். இரண்டு வருஷம் முன்னால் ஒரு நகரத்துக் கடையில் நானே ஏமாறத் தெரிந்தேன். அன்சோனியா, நியூயார்க் என்று டயல். 1880 என்றார் கடைக்காரர். பார்க்கப் பிரமாதமாக இருந்தது.

நல்லவேளை, லென்ஸ் கையில் இருந்தது. டயல் காகிதத்தின் பழுப்பு நிறம் ஓரம் முதல் நடு வரை ஒரே சீராக இருந்தது. உண்மையான பழசு அப்படிப் பழுக்காது. எழுத்துகளை லென்ஸில் பார்த்தால் பொடிப் பொடிப் புள்ளிகள், இன்றைய பிரிண்டர் வேலை. சாவித் துளைகள் உள்ளே இருக்கும் அச்சுக்கு நேராக இல்லை. பின்பலகையில் இயந்திரத்தைப் பிடித்திருந்த திருகுகளுக்குப் பக்கத்திலேயே பயன்படாத நாலு பழைய ஓட்டைகள். அதாவது அந்தப் பெட்டியில் முன்பு வேறொரு இயந்திரம் இருந்திருக்கிறது. கதவுக் கீலில் நட்சத்திரத் தலைத் திருகு. அந்தத் திருகு புழக்கத்துக்கு வந்ததே 1930களில்தான். அன்சோனியா பழைய கம்பெனியோ 1929ல் கடையைக் கட்டிவிட்டது, அதன் இயந்திரங்கள் சோவியத் ரஷ்யாவுக்கு விற்கப்பட்டன.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலோ வேறு எங்கோ கடிகாரம் வாங்கப் போகிறவர்கள் இந்த நாலைந்து சோதனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டயல் பெயரையும் இயந்திர முத்திரையையும் ஒத்துப் பாருங்கள். காலி ஓட்டைகளை எண்ணுங்கள். திருகுத் தலையைப் பாருங்கள். பின்பலகை பிளைவுட்டா என்று தட்டிப் பாருங்கள்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தப் போலிக் கடிகாரமும் எங்கள் கடிகாரத்துக்கு அவர் சொன்ன வைத்தியமும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன. புது டயல், புதுப் பாலிஷ், துடைத்த பின்பலகை. ஒரிஜினலுக்குச் சந்தையில் விலை அதிகம் என்பதால், உண்மையான பழைய பொருளின் சுவடுகளை அழித்து அதை ஒரிஜினல் போலச் செய்கிறார்கள். ஒரிஜினல் என்ற அளவுகோல் போலியைக் கண்டுபிடிக்கும் வரை நல்ல கருவி. அதையே விலைப்பட்டியலாக ஆக்கினால் அதுவே போலியை உற்பத்தி செய்கிறது. மாறாததா என்று கேட்பதற்குப் பதில், மாறியதெல்லாம் தெரிகிறதா, மாற்றியவன் மறைக்காமல் மாற்றினானா என்று கேட்டால் இந்தச் சிக்கல் வராது. ரிப்பேர்க்காரனின் பென்சில் கோடு அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில். போலி டயல் அதே கேள்விக்குப் பொய்ப் பதில்.

கடைசியில் என்ன செய்தோம்

விற்கவில்லை. தரை வேலைக்கான பணத்தை நாங்கள் தம்பி தங்கைகள் பிரித்துப் போட்டுக்கொண்டோம். கடிகாரத்தைத் திருநெல்வேலி டவுனில் ஓர் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். எழுபதைத் தாண்டியவர். கழற்றிப் பார்த்ததும் முதல் கேள்வி: “தேங்காண்ணெய் விட்டியளோ?” நிஜம்தான். வெள்ளத்துக்குப் பிறகு துருப்பிடிக்கக் கூடாதே என்று வீட்டில் யாரோ விட்டிருக்கிறார்கள். அது பிசினாக இறுகிப்போய் அச்செல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. “துருவ விட இதுதான் தம்பி எமன்” என்றார்.

பித்தளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்ரோலில் கழுவி எடுத்தார். பெண்டுலம் தொங்கும் மெல்லிய எஃகுத் தகடு துருவில் அரித்திருந்தது, அதை மாற்றினார். ஒரு புஷ் போட்டார். பெட்டியின் அடிப்பாகத்தில் வெனீர் உரிந்து சுருண்டிருந்தது. அந்தக் காலத்தில் வச்சிரம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். மாட்டுத் தோல், எலும்பு காய்ச்சி எடுக்கிற பசை. தண்ணீரில் இளகிவிடும், அதனால்தான் உரிந்தது. அதே காரணத்தால்தான் கிழியாமல், மரம் பிய்யாமல் முழுசாக உரிந்தும் வந்தது. இப்போதைய வெள்ளைப் பசையில் ஒட்டினால் அடுத்த முறை பிரிக்கும்போது மரமும் சேர்ந்து பெயரும் என்றார் அண்ணாச்சி. வச்சிரம் காய்ச்சியே ஒட்டினோம். பாலிஷ் போடவில்லை.

டயலை மாற்றவில்லை. அதில் 4 மணியிலிருந்து 8 மணி வரை குறுக்கே ஒரு பழுப்புக் கோடு இருக்கிறது. வெள்ளம் வந்து நின்ற மட்டம். சுவரில் இருந்த அடையாளத்தை அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்து மறைத்தாகிவிட்டது. அந்த வீட்டுக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதற்கு இப்போது மிச்சம் இருப்பது இந்தக் கோடு மட்டும்தான்.

எனக்கு அந்தக் கோட்டை மாற்ற மனசு வராததற்கு வேறு காரணமும் உண்டு. அந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, “கடியாரத்துல சுண்ணாம்பு பட்டா போகாது பெரியம்மா, இறக்கி வச்சிருங்க” என்று பெங்களூரிலிருந்து போனில் சொன்னது நான்தான். அவர் இறக்கினார். இரண்டு நாளில் தண்ணீர் வந்தது. சுவரிலேயே இருந்திருந்தால் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. பெரியம்மா இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால்தான் முடிவை என்னிடம் விட்டாரோ என்று சில நேரம் தோன்றும்.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. அண்ணாச்சி கேட்டார்: “அந்தக் கம்பிய லேசா வளைச்சா நேராவே மாட்டலாம். ரெண்டு நிமிச வேல. வளைக்கட்டா?”

நான் பதறிப்போய் வேண்டாம் என்றேன். அந்தக் கோணல் எங்கள் வீட்டின் அடையாளம், அது அப்படியே இருக்கட்டும் என்றேன். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, “எதுக்கும் வீட்ல ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க” என்றார். போன் போட்டேன்.

“சவத்த வளைக்கச் சொல்லு எய்யா,” என்றார் பெரியம்மா. “வாரவன் போறவன்லாம் நேராக்குவான், நான் அடுப்ப விட்டுட்டு ஓடி வரணும். நாப்பது வருசமா கத்துனது போதும்.”

நான் எழுதிக்கொண்டிருந்த வாதத்தை அவர் ஒரே வாக்கியத்தில் என் பக்கம் திருப்பிவிட்டார். சேகரிப்பாளர் 1920களின் ஒரு நாளில் கடிகாரத்தை நிறுத்தி வைக்கப் பார்த்தார். நான் என் சிறுவயதின் ஒரு நாளில் நிறுத்தி வைக்கப் பார்த்தேன். இரண்டும் ஒரே ஆசைதான். கோணலை ரசித்தவன் ஊருக்கு வந்து போகிறவன். அதோடு குடித்தனம் நடத்தியவர் அவர்.

அண்ணாச்சி கம்பியை வளைத்தார். காதை வைத்துக் கேட்டுவிட்டு, கொஞ்சம் திரும்ப வளைத்தார். மூன்றாம் முறை தலையை ஆட்டினார். போனை வைத்து அளந்து பார்த்தேன். இரண்டு இடைவெளியும் சமம். மரையை மேலும் கீழுமாகத் திருகி ஒரு வாரம் வைத்துப் பார்த்ததில், நாளைக்கு அரை நிமிஷத்துக்குள் நிற்கிறது. அந்த வயதுக்கு அது போதும்.

பெட்டியை மூடுவதற்கு முன் அண்ணாச்சி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, 1988க்குக் கீழே தேதி போட்டு எழுதினார்: ‘வெள்ளம். சர்வீஸ். புஷ் 1. கம்பி நிமித்தியது.’

இப்போது தார்சாவில் நேராகத் தொங்குகிறது. போன மாதம் வந்த சித்தப்பா, பழக்க தோஷத்தில் அதைக் கோணலாக்கிவிட்டுப் போனாராம். பத்து நிமிஷத்தில் நின்றுவிட்டது.